வெள்ளிக்கிழமை தொங்கவிட்ட பட்டை

முதலில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் புரியாது.

நியூஜெர்சியில் ஒரு யுனிவர்சிட்டி. மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறக்கவே முடியாத ஒரு கெமிஸ்ட்ரி லேப். அங்கே மின்சாரம் கடத்துகிற ஒரு வகை பிளாஸ்டிக்கை, துணி மாதிரி மெல்லிசான கார்பன் பட்டையின் மேல் பூசுவோம். பட்டை விரல் நீளம் இருக்கும், கரும்பச்சை நிறம். அதை ஆசிட் நிரப்பிய ஒரு கண்ணாடி செல்லில் இறக்கி, ஒரு மெஷினில் மாட்டி சார்ஜ் செய்வோம், டிஸ்சார்ஜ் செய்வோம், மறுபடி சார்ஜ் செய்வோம். நடுநடுவே வெளியே எடுத்து ஒரு கண்ணாடிக் குச்சியைச் சுற்றி வளைத்துப் பார்ப்போம். வளைத்தாலும் உடையாத பேட்டரி, கைக்கடிகாரத்தின் பட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பேட்டரி. எங்கள் லேபுக்குக் காசு கொடுத்த கம்பெனியின் கனவு அதுதான்.

கனவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பட்டைதான் செத்துக்கொண்டே இருந்தது. சார்ஜ் ஏறும்போது ஆசிடில் இருக்கும் அயனிகள் உள்ளே புகுந்து பிளாஸ்டிக் உப்பும். இறங்கும்போது அவை வெளியேறிச் சுருங்கும். சுமார் முந்நூறு தடவை உப்பிச் சுருங்கினால் விரிசல் விட்டு, வெயிலில் தோல் உரிவது மாதிரி துணியை விட்டு உரிந்து ஆசிடில் மிதக்கும். அவ்வளவுதான், அடுத்த பட்டை. நான் சேர்ந்த முதல் வருஷம் முழுக்கப் பார்த்தது இந்தச் சாவுகளைத்தான்.

உரியாத ஒரு பட்டையைச் செய்து காட்டுவது என் ரூம்மேட்டின் பிஎச்டி. அவன் ஈரோடு பக்கம், நான் மெட்ராஸ். என்னைவிட மூன்று வயது பெரியவன், லேபில் ஐந்தாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பரோடு கம்பெனியின் பணம் நின்றுவிடும் என்று புரொபசர் சொல்லிவிட்டார். அதற்குள் ஆயிரம் தடவை தாண்டுகிற ஒரு பட்டை வேண்டும். இல்லையென்றால் ஐந்து வருஷத்துக்கு ஒரு மாஸ்டர்ஸ் சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவன் வீட்டை ஏற்கெனவே "டாக்டர் வீடு" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான், ஆனால் மூன்று தடவை சொன்னான்.

அவன் ஒன்றும் பக்திப் பழம் கிடையாது. பீர் குடிப்பான், பீஃப் பர்கர் சாப்பிடுவான், விபூதி வைத்து நான் பார்த்ததில்லை. இந்தியக் கடைகள் நிறைந்த பக்கத்து ஊர் ஐசலினில் மளிகை வாங்கும்போது கடைக்காரர் ஓசியில் கொடுத்த ஒரு தமிழ்க் காலண்டர் ஷீட் மட்டும் லேபில் அவன் டெஸ்க்கில், டிராயரின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. வாரக்கணக்கில் ஓடும் லாங் ரன் ஆரம்பிக்கிற நாளில் மட்டும் அந்த டிராயரைத் திறந்து பார்ப்பான். சின்னச் சின்ன டெஸ்டுக்கெல்லாம் பார்க்க மாட்டான். "இது ஒரிஜினல் ரன்" என்று அவன் மனசுக்குப் பட்டால்தான்.

அது ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்தரைக்குப் பட்டை ரெடி. பூசிக் கழுவிவிட்டு, செல்லில் இறக்காமல், புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இன்னா குரு, மெஷின் ஃப்ரீயாதான கீது? போடலியா?"

"பன்னண்டு ஆவட்டும்."

"எதுக்கு?"

அவன் டெஸ்க் பக்கம் பார்த்தான். டிராயர் பாதி திறந்திருந்தது. எனக்கு விஷயம் புரிந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை.

"டேய், ராகு காலமா? சத்தியமா? நீ கெமிஸ்ட்டா, இல்ல கிளி ஜோசியக்காரனா?"

"மெதுவாப் பேசு சாமி. இன்னிக்கு ஆரம்பிக்கறேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன். நல்ல நேரம் பாத்துப் பண்ணு கண்ணுன்னாங்க. ஒன்றரை மணி நேரத்துல என்ன குடி முழுகிப் போச்சு?"

"இந்தியால இப்ப நைட்டு எட்டு மணி. உங்க ராகு டின்னர் சாப்ட்டு டிவி பாத்துனு இருப்பாரு."

"அது சூரியன் உதிக்கறத வெச்சுடா. இங்க உதிச்சா இங்கத்த கணக்கு."

"பாத்தியா! உன் தீசிஸ்ல கூட இவ்ளோ லாஜிக் இல்ல. சரி, அந்தாண்ட ஆசிட்லயாவது ஊறப் போடேன். காய விட்டா புரொபசருக்குப் புடிக்காதே."

"ஆசிட்ல இறக்கிட்டா ஆரம்பிச்ச மாதிரிதான். விடு."

லேபில் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித்தரும் ரூல் அது. பூசின பட்டையைக் காய விடாதே, ஈரம் போகும் முன் ஆசிடுக்குள் இறக்கு. அவன் காய விட்டான். பன்னிரண்டு ஐந்துக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பட்டையைச் செல்லில் இறக்கி, மெஷினை ஓடவிட்டான். நோட்டுப் புத்தகத்தில் அவனுடைய அச்சடித்த மாதிரியான கையெழுத்தில் எழுதினான்: பூசியது, கழுவியது, செல்லில் இறக்கியது. தேதி. நடுவில் போன ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எப்படி எழுதுவான்? அந்த நோட்டைப் புரொபசர் வாராவாரம் படிப்பார்.

இந்தக் கதை அதோடு முடிந்திருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் லஞ்சில், லேப் ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது, சீனாக்காரப் போஸ்ட்டாக், அமெரிக்கப் பெண் ஒருத்தி, போலந்துப் பையன், எல்லோருக்கும் நடித்தே காட்டினேன். தினமும் ஒன்றரை மணி நேரம் ஒரு பாம்பு சூரியனைத் துரத்தும், அந்த நேரத்தில் நம் ஆள் எலெக்ட்ரோடைத் தொட மாட்டான், பாம்புக்குக் கோபம் வரும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாள் அவன் டிராயர் மேல் கடிகாரம் போட்ட ஒரு பாம்புப் படம் ஒட்டியிருந்தது. அந்த அமெரிக்கப் பெண் நன்றாக வரைவாள்.

இரண்டு மூன்று நாள் அந்தப் படம் அங்கேயே இருந்தது. அப்புறம் படமும் இல்லை, உள்ளே இருந்த காலண்டரும் இல்லை. வீட்டில் சமைக்கும்போது கேட்டேன்.

"என்ன குரு, ராகுவுக்கு ரிட்டயர்மெண்டா?"

"ஆமா," என்றான். வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தான். "இனிமே அதெல்லாம் இல்ல."

அதற்குள் அந்த வெள்ளிக்கிழமைப் பட்டை முந்நூறைத் தாண்டிவிட்டது. நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்நூறு. எழுநூறு. ஆயிரம் தாண்டின அன்று அவன் என்னை மெஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஸ்கிரீனைக் காட்டினான். கோடு கிட்டத்தட்டப் படுக்கையாக இருந்தது. எடுத்து வளைத்துப் பார்த்தோம். ஒரு செதில் கூட உதிரவில்லை. இரண்டாயிரம் போனபோது புரொபசர் லேபுக்கு டோனட் வாங்கிவந்தார். அவர் டோனட் வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காலிங் கார்டில் மீதியிருந்த நிமிஷத்தையெல்லாம் அவன் அன்றைக்கு அம்மாவிடம் பேசித் தீர்த்தான். "தீசிஸ் ஆச்சுங்கம்மா. ஆமாங்க. ஆமாங்க, டாக்டருதான். இன்னும் எழுதணும், எழுதினா முடிஞ்சுது." நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக விசில் அடித்தேன்.

கம்பெனி ஆள் வந்தார். பட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். இதே மாதிரி இன்னும் மூன்று வேண்டும் என்றார். நியாயம்தானே, ஒரு தடவை நடந்தது தற்செயல் என்றுகூடச் சொல்லலாம்.

அவன் முதல் பட்டையைச் செய்தான். ரூல்படி, ஈரம் போகும் முன் ஆசிடில் இறக்கினான். இருநூற்றுச் சொச்சத்தில் உரிந்தது. சரி, கை நடுக்கம் என்றோம். இரண்டாவது, முந்நூறு. மூன்றாவதைப் புரொபசரே பக்கத்தில் நின்று பார்த்தார். கழுவி முடித்ததும் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை, நேரே செல். முந்நூற்றைம்பதில் மிதந்தது.

அவன் தூங்கவில்லை என்பது ஒரே ரூமில் படுத்த எனக்குத் தெரியும். பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான மோனோமரை மாற்றிப் பார்த்தான், ஆசிடை மாற்றினான், துணியை வேறு ரோலில் இருந்து வெட்டினான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினான். எதை எழுதவில்லையோ அதை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை.

அக்டோபரில் புரொபசர் எங்கள் இரண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். அந்த வெள்ளிக்கிழமை நான் லேபில் இருந்ததால் என்னையும். கெட்டவர் இல்லை அவர். குரலை உயர்த்தவே மாட்டார். நோட்டை விரித்து அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஏதாவது வித்தியாசமாகச் செய்தாயா, எவ்வளவு சின்ன விஷயமானாலும் பரவாயில்லை என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். அரை செகண்ட் இருக்கும். பிறகு "நோ" என்றான்.

அவர் என் பக்கம் திரும்பி, நீ ஏதாவது பார்த்தாயா என்றார்.

எனக்கு ஞாபகமே வரவில்லை என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது. கிளிப்பில் தொங்கிய பட்டை கண் முன்னாலேயே வந்தது. ஆனால் காயவைத்ததால் ஒருவேளை கெமிஸ்ட்ரி மாறியிருக்குமோ என்று வரவில்லை. ஐயோ, ராகு காலத்தை இவரிடம் எப்படிச் சொல்வது, இந்தியாக்காரன் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிட்டால் என் ரெக்கமண்டேஷன் லெட்டர் என்ன ஆகும் என்று வந்தது. லஞ்சில் நடித்துக் காட்டினபோது வராத மானம் அந்த ரூமில் வந்துவிட்டது. நானும் "நோ" என்றேன்.

புரொபசர் நோட்டை மூடினார். நீ பொய் எழுதினாய் என்று அவர் சொல்லவே இல்லை. இந்த ரிசல்ட்டை வெளியில் யாரிடமும் பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதற்கு வேறென்ன அர்த்தம்? அன்றிலிருந்து அவன் டேட்டாவை இன்னொரு ஆள் செக் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு புது வழக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்.

டிசம்பரில் மாஸ்டர்ஸ் கொடுத்தார்கள். டெக்சஸில் ஒரு கன்சல்டிங் கம்பெனி, இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பாமல் சரிசெய்யும் ஒய்டூகே வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. கோபால் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியை ஆறு வாரத்தில் சொல்லித்தருவார்கள், கெமிஸ்ட்ரி படித்தவனோ சிவில் படித்தவனோ அவர்களுக்கு ஒன்றுதான். நெவார்க் ஏர்போர்ட்டுக்கு என் ஓட்டை டொயோட்டாவில் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"வேலை கெடச்சுதுன்னு சொன்னேன்."

"பிஎச்டி?"

"கேக்கல. நானும் சொல்லல." கொஞ்ச தூரம் போனதும் சொன்னான், "அந்தப் பட்டை பொய்யில்லடா. நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அது போதும்."

போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். டெர்மினல் வந்துவிட்டது.

பணத்துக்கு வேறு ஒரு கம்பெனி கிடைத்து, ப்ராஜெக்ட் என் தலையில் விழுந்தது. அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் காலையில் பட்டையைக் கழுவிக் கிளிப்பில் மாட்டின நேரம் பார்த்து ஃபயர் அலாரம் அடித்தது. கீழ்மாடியில் யாரோ எதையோ பற்றவைத்துவிட்டார்கள். பில்டிங் முழுக்கப் பார்க்கிங் லாட்டில் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்தபோது பட்டை காய்ந்துபோயிருந்தது. தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம், அப்படியே செல்லில் இறக்கினேன்.

அது ஐந்நூறு தாண்டியபோதுதான் உறைத்தது. அவனும் அந்த வெள்ளிக்கிழமை இப்படித்தான் காய விட்டான். வேண்டுமென்றே ஒன்றரை மணி நேரம் காயவைத்து இன்னும் நான்கு செய்தேன். நான்கும் ஆயிரத்தைத் தாண்டின. மெதுவாகக் காயும்போது பிளாஸ்டிக் இறுகி, நூல் நூலாகத் துணியைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஆசிடில் எத்தனை தடவை உப்பினாலும் அந்தப் பிடி விடுவதில்லை. காய விடாதே என்ற எங்கள் ரூல்தான் அத்தனை பட்டையையும் கொன்றுகொண்டிருந்தது.

புரொபசரிடம் ஓடினேன். இதை முதலில் செய்தது அவன்தான், அன்றைக்குத் தொங்கவிட்டிருந்தான், இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றேன். பிறகு ஏன் நோட்டில் இல்லை என்று கேட்டார். மறந்திருப்பான் என்றேன். அப்போதுகூட வாய் வரவில்லை எனக்கு. நோட்டில் இல்லாததை வைத்து ஒருவனுக்குப் பேப்பரில் பெயர் போட முடியாது, ஆனால் நன்றி சொல்லலாம் என்றார். பேப்பர் வந்தது. முதல் பெயர் என்னுடையது. அவன் பெயர் கடைசியில், பொடி எழுத்தில், மெஷினை ரிப்பேர் பார்த்த டெக்னீஷியனுக்குப் பக்கத்தில் இருந்தது.

பேப்பர் வந்த பிறகுதான் டெக்சஸுக்குப் போன் செய்தேன். முன்னாலேயே செய்திருக்கலாம். எல்லாவற்றையும் மடமடவென்று கொட்டினேன். 

"எவ்ளோ நேரம் காய விட்ட?" என்றான்.

"ஒன்றரை மணி."

"ம்." பிறகு, "எனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியுமா? எப்ப?"

"இங்க வந்து ரெண்டு மாசம் கழிச்சு. கெஸ்ட் ஹவுஸ்ல துணி காயப் போட்டுட்டு இருந்தேன். டக்குனு தோணுச்சு."

"அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? லூசாடா நீ? நான் அன்னிக்கே டெஸ்ட் பண்ணிருப்பேனே!"

"பண்ணலாம்னு நம்பரெல்லாம் போட்டேன். வெச்சுட்டேன்."

"ஏன்?"

"சிரிப்பியோன்னு."

போன் வயரை விரலில் சுற்றி இழுத்தேன். 

அவனே பேச்சை மாற்றினான். "என் பேரு போட்டிருக்காங்களா?"

"தேங்க்ஸ்ல இருக்கு."

"ஸ்பெல்லிங்காவது ஒழுங்காப் போட்டாங்களா? இங்க பே ஸ்லிப்லயே தப்பாத்தான் வருது." சிரித்தான். "சரி கண்ணு, மீட்டிங் இருக்கு. நீ நல்லா டிஃபெண்ட் பண்ணு. ஊர்ல எங்கம்மா இன்னும் டாக்டருன்னுதான் சொல்லிட்டுத் திரியறாங்க. அவங்க சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும்."

நான் தீசிஸை டிஃபெண்ட் பண்ணி பிஎச்டி வாங்கினேன். கலிபோர்னியாவில் குபெர்டினோ பக்கம் ஒரு சின்ன பேட்டரி ஸ்டார்ட்டப்பில் வேலை கிடைத்தது. சுற்றிலும் கம்பெனிகள் மூடிக்கொண்டிருந்த இந்த வருஷம், எங்களுடையதும் போய்விடும் என்று தெரிந்த ஒரு மத்தியானம், செய்ய வேலை ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து புரொபசருக்கு ஒரு நீள மெயில் அடித்தேன். ராகு காலம், காலண்டர், அம்மா, லஞ்சில் நான் நடித்த நடிப்பு, பாம்புப் படம், அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது "நோ", எல்லாம். அவனுக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. முன்பு படித்த வருஷங்களை டிபார்ட்மெண்ட் கணக்கில் எடுக்காது, வர விரும்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவன் வந்தால் தான் கையெழுத்துப் போடத் தயார் என்று எழுதியிருந்தார். டெக்சஸில் அவனுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை, கிரீன் கார்டு பாதியில் நிற்கிறது. முதலிலிருந்து ஆரம்பிப்பதாவது.

கடைசியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. "அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்" என்று எழுதியிருந்தார். "சிரித்துவிட்டு, எத்தனை மணி நேரம் என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லியிருப்பேன், ஒரு மாதத்தில் அவன் தீசிஸ் முடிந்திருக்கும்."

அந்த மெயிலை அவனுக்கு அனுப்ப வேண்டும் என்று தினமும் திறக்கிறேன். அந்தக் கடைசி இரண்டு வரியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பலாமா என்றும் பார்த்தேன். இன்னும் அனுப்பவில்லை.